எங்க போய் நிக்கும்

அவளைப் போலப் பயப்படுகிற ஓர் ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பேரைச் சொல்ல மாட்டேன். இப்போது சென்னையில் ஏதோ பெரிய இடத்தில், ஏசி ஓடுகிற அறையில் உட்கார்ந்து சினிமாவுக்கு வேலை செய்கிறாளாம். பேரைப் போட்டால், யார் படிப்பார்களோ, என்ன ஆகுமோ என்று அதற்கும் பயப்படுவாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். வாய்க்கு வந்தபடி நான் பேசுவதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிக்கொள்கிறாள். அது அவள் பாடு.

கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருஷம் அது. உப்பளத்துப் பாத்தி எல்லாம் சேறு ஏறிக் கிடந்தது. வேலை இல்லை. மரக்காணம் மெயின் ரோட்டில் ஒரு வீடியோ ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி எல்லாம் படம் பிடிப்பார்கள். அதை வைத்திருந்த தம்பி, கூட்டிப் பெருக்கவும் டீ வாங்கி வரவும் ஆள் கேட்டார். போனேன். நான் சேர்ந்த கொஞ்ச நாளில், கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் போட அவள் வந்தாள். பெருமுக்கல் பக்கத்துப் பெண்.

முதல் நாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு நான்தான் போய்க் கூப்பிட்டேன்.

"வாம்மா, வண்டி ஒண்ணும் வரலியே."

"அதோ ஒரு பஸ்ஸு வருதே ஆயா."

"அது ஸ்டாப்பாண்ட நின்னுடும்."

"எங்க நிக்கும்? கரெக்டா எங்க போய் நிக்கும்?"

இதுதான் அவள் பேச்சு. மாடு வந்தால், எங்க போய் நிக்கும். நாய் ஓடினால், எங்க போய் நிக்கும். தெருவில் ரெண்டு பேர் சத்தமாகப் பேசினாலும் என் கையைச் சுரண்டி, "இது எங்க போய் நிக்கும் ஆயா?" என்பாள். அசைகிற எதைக் கண்டாலும் அவளுக்கு ஆகாது. அவளைப் பிடித்து, அசையாததை அசைய வைக்கிற வேலையில் உட்கார வைத்த கடவுளை நினைத்து நான் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

கடலைப் பற்றியும் அதையேதான் கேட்டாள். மற்றவர்கள் எல்லாம் எத்தனை பேர் போனார்கள், யார் யார் போனார்கள் என்று கேட்பார்கள். இவள், "எதுவரைக்கும் வந்துச்சு?" என்றாள்.

"உப்பளம் மொத்தமும். அப்பால கால்வாயத் தாண்டி, கோயில் மதிலு வரைக்கும்."

"அதுக்கு மேல வரலியா?"

"வரல."

"ஏன் வரல?"

நான் எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அதை யாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. ஏன் வரவில்லை? அதற்கு அப்புறம் அந்த மதிலைத் தாண்டும்போதெல்லாம் நின்று ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

கடலை அவள் பார்த்ததே இல்லை. பாண்டிச்சேரியில் ஒரு கிளாஸுக்குப் போய்ப் பாடம் கற்றுக்கொண்டு வருவாள். பஸ் கடலோரமாகவே போகும். பொம்மையார்பாளையம் கிட்ட வீட்டுச் சந்துகளில் கடல் எட்டிப் பார்க்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பஸ் ஏறியதும் துப்பட்டாவைத் தலைமேல் போட்டுக்கொண்டு, இறங்குகிற வரைக்கும் எடுக்கமாட்டாள். கண்டக்டர் அவளைக் கண்தெரியாத பிள்ளை என்றே நினைத்திருந்தாராம்.

இப்படிப்பட்டவள் கையில் போய் என் கடைசிப் பெண் செல்வியின் வாழ்வு நின்றது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எலுமிச்சம்பழத்தைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

தனியாக அந்த அறையில் இருக்க அவளுக்குப் பயம். "நீங்க ஒண்ணும் பேச வேணாம் ஆயா, சும்மா உக்காந்தா போதும்" என்பாள். பேசாமல் இருக்க என்னால் ஆகாது. உட்கார மட்டும் ஆகும். அதனால் அவள் கற்றுக்கொண்டதை எல்லாம் நானும் பார்த்தேன். கேமராவுக்குத் திருஷ்டி கழிக்க வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அவள் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் போட்டாள்.

"பாருங்க ஆயா. பழம் இந்தக் கோடியில இருக்குது. இங்க ஒரு கீ வெக்கறேன். இப்ப அந்தக் கோடிக்கு இழுத்துட்டு, அங்க ஒரு கீ. நடுவுல போற வழிய கம்ப்யூட்டரே போட்டுக்கும்."

கீ என்றால் சாவி இல்லை. கீழே ஒரு கோடு ஓடும், அதுதான் நேரமாம். கோட்டின்மேல் மூக்குத்திக் கல் மாதிரி குட்டியாக ஒரு குறி விழும். இந்த நேரத்துக்கு இது இந்த இடத்தில் நிற்கணும் என்று அதற்கு அர்த்தம். ஒரு பட்டனைத் தட்டினாள். எலுமிச்சம்பழம் நகர்ந்தது. யாரும் தொடவில்லை, அதுவாகப் போய் அந்தக் கோடியில் நின்றது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று சாயங்காலம் வரைக்கும் ஓட வைத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் செல்வியிடம் சொன்னால், "சூரியன் கூடத்தான் அப்படிப் போவுது, போய்ப் படு" என்றாள்.

பழத்தை ஓட வைத்தவளுக்கும் சந்தோஷம்தான். முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் அவள் சொல்லுகிறாள், அது கேட்கிறது. அவள் வாழ்க்கையில் முதல்முதலாக ஒன்று, எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தே ஓடியது.

அப்புறம் ஒருநாள், பழம் நடுவழியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். நடுவில் ஒரு கீ, சற்றுத் தள்ளி அதே இடத்தில் இன்னொரு கீ. ரெண்டுக்கும் நடுவில் அது அசையாமல் நிற்கவேண்டும். ஓட்டினாள். பழம் வந்தது. நின்றது. நின்ற பழம் மெள்ளத் தானாக நழுவி, எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

அவள் நாற்காலியோடு பின்னால் வந்துவிட்டாள்.

"நான் நிக்கச் சொன்னேன் ஆயா. ரெண்டும் ஒரே எடம். நடுவுல இது எங்க போயிட்டு வருது?"

எனக்கும் பயம்தான். எலுமிச்சம்பழம் தானாக உருண்டால் எந்த வீட்டில் சும்மா இருப்பார்கள்? கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து அவள் நெற்றியிலும் கம்ப்யூட்டர் நெற்றியிலும் இட்டேன். அடுத்த கிளாஸ் முடிந்து வந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. வழி வளைவாக, அழகாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரே வளைத்துவிடுமாம். நிற்கவேண்டும் என்றால் நில் என்று தனியாகச் சொல்ல வேண்டுமாம்.

"நடுவுல விட்டா அது இஷ்டத்துக்குப் போவும் ஆயா. நாமதான் பிடிச்சு பிடிச்சு நிறுத்தணும்."

அதோடு அவளுக்குக் கீ பைத்தியம் பிடித்தது. எதற்கெடுத்தாலும் கடுகு இறைத்த மாதிரி கீ வைப்பாள். ஒரு கல்யாண வீடியோவில் பொண்ணு மாப்பிள்ளைமேல் பூ கொட்டுகிற மாதிரி போடச் சொன்னார் ஸ்டூடியோத் தம்பி. போட்டாள். தம்பி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, பூ கொட்டச் சொன்னா, ஒவ்வொண்ணும் எறங்கி வந்து அட்டென்ஷன்ல நிக்குது. கல்யாணமா, போலீஸ் பரேடா?"

"விட்டா கீழ போயிடும் அண்ணா."

"போவட்டுமே."

"கீழ எங்க போவும்?"

தம்பி என்னைப் பார்த்தார். "இத எங்கருந்து ஆயா புடிச்சுகினு வந்தேன் நான்?" என்றார்.

அந்த வருஷம் ஊரே அப்படித்தான் இருந்தது, அவளை மட்டும் சொல்லி என்ன. ஒரு மத்தியானம், "தண்ணி வருது, தண்ணி வருது" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினான். யார் பார்த்தார்கள், எங்கே பார்த்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, அடுப்பை அணைக்காமல், செருப்புப் போடாமல் எல்லோரும் திண்டிவனம் ரோட்டில் ஓடினோம். அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. ஒரு லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான். லாரியில் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. "எதுவரைக்கும் வரும் ஆயா, எதுவரைக்கும் வரும்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்திலிருந்த ஒரு கிழவர், "அந்தப் பொண்ணு வாய மூடச் சொல்லும்மா, என்னால தாங்க முடியல" என்று அழுதுவிட்டார்.

தண்ணீர் ஒன்றும் வரவில்லை. பொழுது சாயத் திரும்பி வந்தோம். ஸ்டூடியோக் கதவு திறந்து கிடந்தது. கம்ப்யூட்டரில் எலுமிச்சம்பழம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் ஒரு உயிர் இல்லாத நேரத்திலும் அது ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவளோ முன்னால் உட்கார்ந்து, மூச்சு அடங்குகிற வரைக்கும் அதையே பார்த்தாள்.

தை மாதம் செல்விக்குக் கல்யாணம் செய்தோம். மாப்பிள்ளை உப்பளக்காரன், கடலோரக் குப்பத்தையொட்டிய தெரு. பையன் தங்கமானவன். அவனுக்கு ஒரு அண்ணன். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனவன், திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, அவன் செத்துவிட்டான் என்று யாரையும் சொல்ல விடவில்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை. வருஷம் திரும்பியும், செத்தவர்களுக்கு இலை போட்டுச் சோறு படைப்போமே, அதைச் செய்ய விடவில்லை. வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தால் மனசு மாறும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கல்யாணம் அவர்கள் தெருவில், வாசலில் பந்தல் போட்டு நடந்தது. அந்த அம்மா பந்தலுக்கு வரவே இல்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுமாதம் செல்வி வந்து என் மடியில் விழுந்தாள்.

"அவங்க எங்கூடப் பேசறதே இல்லம்மா. நான் ஆக்கினத சாப்புடறதில்ல. நான் நிக்கற எடத்துல யாருமே இல்லாத மாரி பாக்கறாங்க. பெரியவன் வராத கல்யாணம் என்னா கல்யாணம், இவ யாருன்னு கேக்கறாங்க. ராத்திரியெல்லாம் முழிச்சுகினு வாசல்ல உக்காந்து, வந்துட்டியாடா, வந்துட்டியாடான்னு பேசறாங்க. எனக்குப் பயமா இருக்குதும்மா. நான் திரும்பிப் போவல."

மஞ்சள் கயிறு இன்னும் மங்கவில்லை. திரும்பி வந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன வழி? அந்த வீட்டிலேயே விட்டாலும் என்ன வழி? எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவில் கல்யாண வீடியோ தயாராகிக்கொண்டிருந்தது. செத்தவர்கள் படத்தை மேல் மூலையில் வைத்து, சுற்றி ஒளி வருகிற மாதிரி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஸ்டூடியோத் தம்பி பெரியவன் போட்டோ ஒன்று கேட்டு அந்த வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். சம்பந்தியம்மா கேட்டாள்:

"மூலையில எதுக்கு வெக்கற?"

"ஆசீர்வாதம் பண்ற மாரிம்மா."

"மூலையில வெக்கிறது செத்தவங்கள. என் புள்ளைய அங்க வெக்காத. தம்பி கல்யாணத்துக்கு அவன் நடந்து வரட்டும். நீ காட்டு. அவன் நடந்து வந்தான்னா, இது கல்யாணம்னு ஒத்துக்கறேன். அவ என் மருமவள்னு ஒத்துக்கறேன்."

தம்பி வெளியே வந்து வண்டியை உதைத்துக்கொண்டே, "போட்டோ எப்படி ஆயா நடக்கும்?" என்றார்.

நான் நேராக ஸ்டூடியோவுக்கு, அவளிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

"செத்தவர நடக்க வெக்கச் சொல்றீங்களா ஆயா?"

"உன்னால ஆவுமா, ஆவாதா?"

"எனக்கு அலறணும் போல இருக்குது."

"எனக்கும்தான். ஆவுமா?"

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "போட்டோ வேணாம். அவரு நடக்கற வீடியோ எங்கனா இருந்தா..." என்றாள்.

தம்பி பழைய டேப்புகளைக் கொட்டித் தேடினார். கடல் வருவதற்கு முன்னால் யாரோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். குனிந்து ஊற்றுகிறான். அடுத்த இலைக்குப் போகிறான். மருமகன் வந்து பார்த்தான். "எங்கண்ணன்தான்" என்றான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அந்தப் பந்தியிலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுக்கவேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி அவன் உடம்பைச் சுற்றிப் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள். அவன் இம்மி அசைந்தால் புள்ளிகளையும் அசைத்து, அதற்கு ஒரு கீ. மறுபடி அசைந்தால் மறுபடி. முகம் தெரியாதபடி முழங்கையை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொள்வாள், இல்லையென்றால் காலை மட்டும். கோடு தப்பி அவன் விரல் அறுந்துபோனால், "மன்னிச்சுக்குங்க அண்ணா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சரி செய்வாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் பேசாமல் இருந்த நாட்கள் அவைதான்.

முகத்துக்கு வந்தபோது அவள் என் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க ஆயா. கோவமா இருக்காரா?"

பார்த்தேன். நல்ல முகம். "இல்லம்மா. சாம்பாரு சிந்திடப் போவுதேன்னு பாக்கறான்" என்றேன். அப்புறம்தான் திரும்பினாள்.

வெட்டி முடித்தபோது, சுற்றிலும் ஒரே கருப்பு. அந்தக் கருப்புக்குள் அவன் வாளியோடு நடந்து வந்தான், குனிந்தான், நடந்து போனான். அதுவரைக்கும்தான் நான் பார்த்தேன். உப்பளம் திறந்துவிட்டார்கள், நான் பாத்திக்குப் போய்விட்டேன். செல்வி பந்தியில் உட்கார்ந்த இடத்தில் அவனைச் சேர்த்து ஒட்டியதெல்லாம் நான் இல்லாதபோது.

விளக்கு வைக்கிற நேரத்தில் சம்பந்தி வீட்டில் சிடியைப் போட்டார்கள். தெருவே வந்திருந்தது. அவளையும் தம்பி அழைத்து வந்திருந்தார். துப்பட்டாவை எடுக்காமல் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தாலி கட்டினது எல்லாம் ஓடியது, யாரும் பார்க்கவில்லை. பந்தி வந்தது. செல்வியும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இலைமுன் உட்கார்ந்திருக்கிறார்கள். வலது பக்கத்திலிருந்து அவன் வந்தான்.

ஒரு பெண்பிள்ளை வாயில் சேலையை அடைத்துக்கொண்டாள். அவன் கால் தரையில் பாவியது, நிழல்கூட விழுந்தது. குனிந்து தன் தம்பி இலையில் ஊற்றினான். செல்வி இலையில் ஊற்றினான். சம்பந்தியம்மா நகர்ந்து நகர்ந்து டிவிக்குக் கிட்டே போய், கண்ணாடியில் கையை வைத்தாள். அவன் நிமிர்ந்தான். வாளியை எடுத்துக்கொண்டு இடது பக்கமாக நடந்து, மறைந்துபோனான்.

"அங்க எங்கடா போற?" என்றாள் சம்பந்தியம்மா.

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. அந்தத் தெருவில் அந்தப் பக்கம் போனால் கடைசி வீடு, அப்புறம் உப்பளம், அப்புறம் கடல். அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

"அந்தப் பக்கம் எதுக்கு அனுப்பினீங்க? அன்னிக்கும் அந்தப் பக்கந்தான போனான். மறுபடியும் எதுக்கு அனுப்பினீங்க?"

எழுந்து வெளியே ஓடினாள். பெரியவனே, பெரியவனே என்று கூப்பிட்டுக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினாள். மருமகனும் மற்றவர்களும் ஓடிப் பிடித்தார்கள். பிடித்த கையை எல்லாம் கடித்தாள். யாரோ, "பொண்ணு வூட்டுக்காரங்க செஞ்ச வேலைய பாத்தியா" என்றார்கள். செல்வி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இப்பவே வந்துடறேம்மா" என்றாள்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "கடல் அந்தப் பக்கமா ஆயா?"

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியாது."

திட்டத்தான் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்தபிறகு திட்டு வரவில்லை. அவள் போனாளா கல்யாணத்துக்கு? அவளுக்கு அந்தத் தெரு, டிவிக்குள் இருக்கிற ஒரு கட்டம். அதற்கு ஒரு இந்தப் பக்கம், ஒரு அந்தப் பக்கம். அவ்வளவுதான். உள்ளே வந்ததை வெளியே அனுப்பி, கடைசியில் ஒரு கீ வைத்து முடித்துவிட்டாள், அவள் எப்போதும் முடிப்பது போல.

செல்வியை, ஒரு நாலு நாள் பொறுத்துக்கொள் என்று கெஞ்சி விட்டுவந்தேன்.

மறுநாள் காலையில் அந்தப் பயந்தாங்கொள்ளி என் வீட்டு வாசலில் நின்றாள். "அந்தத் தெருவ எனக்குக் காட்டுங்க ஆயா" என்றாள். அழைத்துப் போனேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பந்தல் போட்ட இடத்தைக் காட்டினேன், கேமரா நின்ற இடத்தைக் காட்டினேன். தெருக்கோடிக்குப் போனோம். பாத்திகளில் உப்பு பூத்து வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. அதற்கு அப்பால் அது கிடந்தது. அவள் துப்பட்டாவை எடுத்துவிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது ஒரு எடத்துலயும் நிக்கலியே ஆயா" என்றாள்.

"வாம்மா போலாம்" என்றேன்.

ஸ்டூடியோத் தம்பி சுலபமாக ஒரு வழி சொன்னார். "கண்ணாடில பாக்கற மாரி ஆள அப்படியே திருப்பிப் போடு. இந்தப் பக்கம் போனவன் அந்தப் பக்கம் போவான்." திருப்பிப் போட்டாள். அன்றைக்கு நான் பாத்திக்குப் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் கடல் பக்கத்திலிருந்து வந்தான். வந்து, இடது கையால் செல்வி இலையில் சாம்பார் ஊற்றினான்.

"பீச்சாங்கையால பரிமாறுவாங்களா தம்பி?" என்றேன். "இத எடுத்துகினு போனா சம்மந்தி உன்ன உசுரோட விடமாட்டாங்க."

அவள் அதை அழித்தாள். அவன் நிமிர்ந்து போகிற பாகத்தையும் முழுசாக அழித்தாள். ஒரு இலையில் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்கிறானே, அதை மட்டும் வைத்துக்கொண்டு, பந்தியின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரைக்கும் இலை இலையாக அவனை நகர்த்தினாள். வரிசை முடிந்ததும் மறுபடி முதல் இலை. மறுபடி. நாள் கணக்கில் உட்கார்ந்து செய்தாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசிக் கீ வெக்கல ஆயா. யாராவது நிறுத்தற வரைக்கும் போட்டுகினே இருப்பாரு."

"அப்புறம்?"

"தெரியல. எனக்கு இதுதான் ரொம்பப் பயமா இருக்குது."

இந்தத் தடவை தெருவைக் கூப்பிடவில்லை. மத்தியானச் சோற்று நேரம். மருமகன், செல்வி, தம்பி, நான், அவள். சம்பந்தியம்மா டிவிக்கு முதுகைக் காட்டி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். தம்பி சிடியைப் போட்டார். பந்தி வந்தது, அவன் வந்தான். ஊற்றினான். நகர்ந்தான். ஊற்றினான். மருமகன் தேம்பினான். அந்தச் சத்தத்துக்குத்தான் அந்த அம்மா திரும்பினாள்.

திரும்பியவள் அப்படியே பார்த்தாள். அவன் வரிசையை முடித்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவன் எங்கும் போகவில்லை, மறுபடி முதல் இலைக்கு வந்து குனிந்தான். அந்த அம்மா எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவன் பரிமாறினான். பரிமாறிக்கொண்டே இருந்தான். வெயில் வாசலைவிட்டு நகர்ந்தது. எழுந்து நிறுத்த யாருக்கும் தைரியம் இல்லை. உயிரோடு இருக்கிறவன் இவ்வளவு நேரம் குனிந்து நிமிர மாட்டான் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அவள் என் மணிக்கட்டை நெரித்தாள்.

சம்பந்தியம்மாவின் உதடு அசைந்தது. எண்ணுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, பேசிக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டான். எல்லாருக்கும் போட்டுட்டான். தம்பிக்குப் போட்டான், அவளுக்கும் போட்டான். கை வலிக்குமே அவனுக்கு."

பிறகு சத்தமாக, டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"இவன் இன்னும் சாப்புடல. ஏம்மா, இவனுக்கு ஒரு எலை போடு."

ஏம்மா என்றது தன்னைத்தான் என்று செல்விக்குத் தெரியவில்லை. நான் பார்த்த பார்வையில்தான் புரிந்து ஓடினாள். ஓடிப்போய் ஒரு வாழையிலை அறுத்து வந்தாள். சுவரில் இருந்த பெரியவன் படத்தை மருமகன் இறக்கி வைத்தான். செல்வி இலை போட்டு, தான் வடித்த சோற்றை வைத்து, தான் வைத்த சாம்பாரை ஊற்றினாள். சம்பந்தியம்மா எழுந்துபோய்த் தன் கையாலேயே டிவியை நிறுத்தினாள். படத்துக்குப் பொட்டு வைத்தாள். அப்புறம் இலைமுன் உட்கார்ந்து, அவன் போன அன்றைக்கு அழாத அழுகையை எல்லாம் அழுதாள். நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை. செல்வி மட்டும் போய் உட்கார்ந்தாள்.

படைத்த சோற்றை வீட்டு ஆட்கள் எடுத்துச் சாப்பிடவேண்டும். செல்வி ஒரு உருண்டை பிடித்து நீட்டினாள். அந்த அம்மா வாங்கி வாயில் போட்டு, மென்று, முழுங்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்வியை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு பத்தல."

செல்வி அடுப்படிக்கு ஓடினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தவள் காதோரம் வந்து, பயந்த குரலில் கேட்டாள்:

"கோவமா இருக்காங்களா ஆயா?"

"இல்லம்மா" என்றேன். "மாமியார் ஆயிட்டாங்க."